பச்சைப் பெட்டி திறக்கும் முன்னே

கேரளத்துக் கொடகராக்காரன் டெல்சன் இணையத்தில் வீடியோ கேம் ஆடும்போது, பார்க்கிறவர்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. திரையின் மேல் மூலையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் தெரியும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த முகத்தில் ஒன்றுமே நடக்காது. அதற்காகத்தான் கூட்டம்.

அவன் வழக்கமாக ஆடுவது பழைய கார்ட்டூன் படம்போல வரைந்த ஓர் ஆட்டம். ஷூ போட்ட ஒரு சேவலும் தொப்பி வைத்த ஒரு கோழியும் மேட்டுக்கு மேடு தாவித் தாவி ஊர் போய்ச் சேரவேண்டும். வழியில் சூரியன் சிரிக்கும், காளான் பாடும், பூக்கள் கண்ணடிக்கும். சிரித்தபடியே அத்தனையும் ஆளைக் கொல்லும். பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று வாங்கிக் கொடுத்த தகப்பன்மார், தாங்களே உட்கார்ந்து ஆடி, கடைசியில் கன்ட்ரோலரைச் சுவரில் எறிந்திருக்கிறார்கள். மற்ற சேனல்காரர்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள், நாற்காலியை உதைப்பார்கள், தலையில் அடித்துக்கொள்வார்கள். டெல்சன் சாவான். மூக்கைத் துடைத்துக்கொள்வான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். ஜனங்கள் அவனுக்குக் கல்லுச் சேட்டன் என்று பேர் வைத்தார்கள். அதைக் கேட்டபோதும் அவன் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

ஊருக்கு அந்த முகம் ஒரு கட்டத்துக்குள் அடக்கம். கட்டிக்கொண்ட லிண்டாவுக்கு அது வீடு முழுக்க இருந்தது.

பெண் பார்க்க வந்தபோது இரண்டு பேரையும் தனியாகப் பேசவிட்டார்கள். சாப்பாட்டு அறையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில். நர்ஸ் வேலை, நைட் டியூட்டி எல்லாம் இருக்கும், பரவாயில்லையா என்று கேட்டாள். சரி என்றான். அயர்லாந்துக்குப் போகப் பரீட்சை எழுதியிருக்கிறேன் என்றாள். அதற்கும் சரி. எவ்வளவு நல்ல மனுஷன் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, மீன் குழம்பில் உப்புப் போட மறந்தாலும் அவனுக்குச் சரிதான், பக்கத்து வீட்டுத் தென்னை கார் மேல் சாய்ந்தாலும் சரிதான். முரசைத் தட்டினால்கூடப் பதிலுக்கு ஒரு சத்தம் வரும். இவன் பஞ்சு மூட்டை.

சொல்லப்போனால் அவன் கெட்டவன் இல்லை. குடி கிடையாது. காலையில் டைல்ஸ் கடை, மத்தியானத்துக்கு மேல் கம்ப்யூட்டர். பேச வேறு வழியில்லாமல்தான் லிண்டா இரண்டாவது கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். அவன் சேவல், இவள் கோழி. இவள் கோழி நொடிக்கொரு தரம் செத்தது. அந்த ஆட்டத்தில் ஒருவர் செத்தால் ஓர் இறகு மெல்ல மேலே போகும். அது திரையைத் தாண்டுவதற்குள் மற்றவர் தாவித் தொட்டால் செத்தவர் பிழைத்து வருவார். லிண்டாவின் இறகு எழும்பும்போதெல்லாம் டெல்சன் கையில் இருந்த காரியத்தைப் போட்டுவிட்டு ஓடுவான். ஊர் வாசலுக்கு வந்துவிட்ட ஆட்டத்தையும் விட்டுவிட்டுத் திரும்பி வருவான். விட்டுட்டு நீ போ அளியா, பொண்டாட்டி கோழிய நாங்க பாத்துக்கறோம் என்று பார்க்கிறவர்கள் மச்சான் முறை கொண்டாடி எழுதுவார்கள். அவன் அதைப் படிப்பான். அடுத்த தடவையும் திரும்பி வருவான்.

இதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது என்று லிண்டாவுக்கு விளங்கவில்லை. கோழிக்காக ஓடி வருகிறவன், அயர்லாந்து விசாவுக்கான காகிதங்களை எல்லாம் தானே ஸ்கேன் செய்தான், தானே பேர் போட்டு வரிசையாக ஏற்றினான். ஒரு காகிதம் கோணலாக இல்லை, ஓர் எழுத்துப் பிழை இல்லை. லிண்டா பக்கத்தில் உட்கார்ந்து பிழை தேடிக்கொண்டிருந்தாள். ஒரே ஓர் எழுத்தைத் தப்பாக அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பதில் வந்தால் தெரியாமல் போய்விடக்கூடாது என்று அவளுடைய மெயிலைத் தன் கம்ப்யூட்டரிலேயே திறந்து வைத்து, வந்ததும் திரையின் கீழ் மூலையில் காட்டும்படி ஏற்பாடும் செய்தான்.

அவளுக்குப் போக ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் போ என்றோ, போகாதே என்றோ, ஒரு பேச்சு வேண்டும் அல்லவா. ஆஸ்பத்திரியில் லீவு கேட்டால்கூட மேட்ரன் முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கக்கூட ஆள் இல்லாத வீட்டிலிருந்து எப்படிப் புறப்படுவது? ஒரே ஒரு வார்த்தை வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறுவது என்று அவள் மனசுக்குள் வைத்திருந்தாள். அந்த வார்த்தை எதுவானாலும் சரி, 'சரி'யாக மட்டும் இருக்கக்கூடாது.

இந்த நேரத்தில்தான் பார்க்கிறவர்கள் டெல்சனுக்கு ஒரு பந்தயம் வைத்தார்கள். புதிதாக ஒரு பேய் விளையாட்டு வந்திருந்தது. மூடிக் கிடக்கும் ஒரு பாவைக்கூத்துக் கொட்டகை. ஆடுகிறவன் விளக்கைச் சரிபார்க்க உள்ளே போன எலக்ட்ரீஷியன். சுற்றிலும் கயிற்றில் பாவைகள் தொங்கும். விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தால் ஒரு கயிற்றில் ஆள் இருக்காது. மேடைக்குப் பின்னால் ஒரு பச்சைப் பெட்டி. அது திறக்கும்போது அலறாதவன் இதுவரை பிறக்கவில்லை என்று பேச்சு. ஆலுவாக்காரன் ஒருத்தன் நாற்காலியோடு பின்னால் விழுந்து கையை முறித்துக்கொண்ட வீடியோவை ஊரே பார்த்திருந்தது. கல்லுச் சேட்டன் இதை அலறாமல் ஆடிக் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். டெல்சன் சரி என்றான்.

நாள் தானாக அமைந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை ஹர்த்தால் அறிவித்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலமே கோழிக் கடையில் கூட்டம். கடை இல்லை, பஸ் இல்லை, எல்லாரும் வீட்டில். இதைவிடப் பெரிய கூட்டம் எப்போது கிடைக்கும். லிண்டாவுக்கும் அன்றைக்கு ஆஃப். வெளியே ஜூன் மழை.

டெல்சனின் அம்மா ரோஸிலிக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை. சேவலும் கோழியும் ஆடுவதில் குற்றமில்லை, பேயை வீட்டுக்குள் கூப்பிட்டு விளையாடுவது எந்த ஊர் வழக்கம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிப் பயனில்லை என்று ஆனதும் சர்ச்சிலிருந்து கொண்டுவந்த தீர்த்தக் குப்பியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு தட்டில் கொறிக்கக் குழலப்பமும் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

டெல்சன் ஆட்டம் தொடங்குமுன் வழக்கமாக எல்லா அறிவிப்புகளையும் அடைத்துவைப்பான். அன்றைக்கு லிண்டா நினைவுபடுத்தினாள்.

"மெயில் பாப்-அப்ப ஆஃப் பண்ணலியா சேட்டா?"

"இன்னைக்கு ஹர்த்தால்ல. ஒண்ணும் வராது."

லிண்டாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஹர்த்தாலன்று பால் வராது, பேப்பர் வராது, கல்யாணப் பத்திரிகை வராது. பிறந்ததிலிருந்து கண்ட வழக்கம். கொடகரா அடைத்தால் உலகம் அடைத்த மாதிரிதான். அயர்லாந்தில் அன்றைக்கு வெறும் செவ்வாய்க்கிழமை என்று இருவருக்குமே தோன்றவில்லை.

ஆட்டம் தொடங்கியது. லிண்டா பக்கத்து நாற்காலியில், முகம் கட்டத்துக்குள் விழாதபடி தள்ளி உட்கார்ந்தாள். கொட்டகைக்குள் மழைச் சத்தம், வெளியே நிஜ மழை, எது எது என்று தெரியவில்லை. விளக்கு அணைந்தது, எரிந்தது. ஒரு கயிறு வெறுமையாக ஆடியது. டெல்சன் குழலப்பத்தை எடுத்துக் கடித்தான். கொட்டகை ஜன்னலுக்கு வெளியே மர முகம் ஒன்று வந்து கண்ணாடியைத் தட்டியது. அவன் மீதிக் குழலப்பத்தையும் வாயில் போட்டான். ஒரு பாவை தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவன் காதருகே அழுதது.

"பாவம்," என்றாள் லிண்டா, தன்னை மறந்து. "இத யாரு இப்படித் தொங்க விட்டது?"

அது மைக்கில் விழுந்துவிட்டது. பாவைக்கு அங்கே பேச்சில் 'பாவ' என்றுதான் பேர். ஒரு 'ம்' சேர்ந்தால் பாவம். சேச்சிக்குப் பாவயும் ஒண்ணு, பாவமும் ஒண்ணு என்று எழுதிச் சிரித்தார்கள். சேட்டனும் அதே ஜாதிதான், கயிறு மட்டும் கண்ணுக்குத் தெரியல என்று ஒருத்தன் எழுதினான். லிண்டாவுக்கு அது சுருக்கென்றது. டெல்சன் அதையும் படித்தான். முகத்தில் ஒன்றும் இல்லை.

மேடைக்குப் பின்னால் வந்து சேர்ந்தபோது பார்க்கிறவர்கள் எழுதுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். பச்சைப் பெட்டி அங்கே இருந்தது. எலக்ட்ரீஷியனின் டார்ச் வெளிச்சம் அதன் மேல் விழுந்து நடுங்கியது. பெட்டி மூடியேதான் கிடந்தது. டெல்சன் ஓர் அடி வைத்தான். இன்னோர் அடி.

டெல்சன் அலறினான்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஐயோ இல்லை, அம்மோ இல்லை, எழுத்தில் அடங்காத ஒரு சத்தம். இத்தனை வருஷம் சேர்த்து வைத்த சத்தம் எல்லாம் ஒன்றாக வந்தது. நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. ரோஸிலி அகப்பையோடு ஓடி வந்து, குப்பியைத் திறந்து, மகன் தலையிலும் கீபோர்டிலும் தீர்த்தத்தைத் தெளித்தாள்.

"சொன்னேனே, சொன்னா கேட்டியா," என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

திரையில் எழுத்துகள் அருவியாகக் கொட்டின. கல் பிளந்தது என்றார்கள். வருஷத்தின் அலறல் என்றார்கள். ஆலுவாக்காரனுக்கு ஆறுதல் சொன்னார்கள். நடுவில் ஒரே ஒருத்தன் மட்டும், பெட்டி இன்னும் திறக்கவே இல்லையே அளியா, நீ எதைப் பார்த்துக் கத்தினே என்று கேட்டிருந்தான். அவனை யாரும் கவனிக்கவில்லை.

லிண்டா கவனித்தாள். பெட்டி மூடித்தான் இருந்தது. அவளுடைய கண் திரையின் கீழ் மூலைக்குப் போனது. பார்க்கிறவர்களுக்குத் தெரியாத இடம் அது. சின்னதாக ஒரு வெள்ளைப் பட்டை நின்றது. லிண்டா வர்கீஸ், உங்கள் விசா அனுமதிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று, தானாக மறைந்தது.

ரோஸிலி இன்னொரு தரம் சிலுவை போட்டுக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினாள். லிண்டா எட்டி மைக்கை அடைத்தாள். டெல்சனின் நெற்றியிலிருந்து தீர்த்தம் மூக்கு வழியாக ஒழுகியது. அவன் துடைக்கவில்லை.

"விசா வந்துடுச்சு," என்றாள். "சரிதானே?"

"சரி..." என்று வழக்கம்போல அவன் வாய் சொல்லிவிட்டது. அதோடு நிற்கும் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டான். "...யில்ல," என்றான்.

"என்ன?"

"சரியில்ல. எனக்கு இது சரியே இல்ல, லிண்டா."

கேட்டதும் லிண்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. துக்கமே இல்லை, சுத்தமான சந்தோஷம். அயர்லாந்து கிடைத்தபோது வராத சந்தோஷம். அழுதுகொண்டே கோபமும் வந்தது. அத்தனை காகிதத்தையும் அப்படி ஒழுங்கா ஏத்தினீங்களே, அப்போ எங்க போச்சு வாய் என்று கேட்டாள். நீ கேட்டே, ஏத்தினேன் என்றான். பிறகு கன்ட்ரோலரைக் கையில் உருட்டினான்.

"அங்க நெட் எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கென்ன தெரியும்? வந்து பாருங்க."

"சரி," என்றான் டெல்சன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சொல் அவளுக்கு முதல்தடவையாகப் பிடித்தது.

அந்தச் சமயத்தில் பச்சைப் பெட்டி திறந்தது. உள்ளிருந்து வந்ததைப் பார்த்துத் தங்கள் வீடுகளில் அலறியதாக நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். வந்தது பயங்கரமான உருவமாம், முழுத் திரையையும் பிடித்துக்கொண்டு நின்றதாம். இந்த வீட்டில் அதை யாரும் பார்க்கவில்லை. டெல்சன் ஆட்டத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, நர்ஸின் புருஷன் அயர்லாந்து போக என்னென்ன காகிதம் வேண்டும் என்று தேடத் தொடங்கியிருந்தான். முதல் வார்த்தையிலேயே எழுத்துப் பிழை விட்டான், அதற்கடுத்ததிலும் விட்டான். லிண்டா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றையும் திருத்தவில்லை.