டென்னிசன் ஹாலுக்குத் தலைக்கு ஊத்தின நாள்

வழுக்கிக்கொண்டே போகிறேன், உட்கார்ந்த வாக்கிலேயே, ஒரு கையில் சிவப்புக் கைக்குட்டை, இன்னொரு கை காற்றைப் பிடித்துக்கொண்டு, சலங்கை எனக்கு முன்னால் கலகலவென்று ஓட, டென்னிசன் ஹாலின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தரை என்னை இழுத்துக்கொண்டு போகிறது, சுவரையும் தாண்டி, பெரம்பூர் பாலத்தில் ஏறி, ரயிலோடு ரயிலாக, நிறுத்துங்கடி பாவிகளா என்று கத்துகிறேன், யாரும் நிறுத்துவதில்லை, ஆனால் அன்றைக்கு, விழாவன்று காலையில், நிஜத்தில் சுவர்தான் நிறுத்தியது, முட்டிய வேகத்தில் மேலேயிருந்து காரை பொலபொலவென்று என் கொண்டையில் உதிர்ந்தது, எழுந்து உள்ளங்கையை முகர்ந்து பார்த்தேன், தேங்காய் எண்ணெய்.

எந்தக் கட்டையில போறவ வேலைடி இது என்று நான் கேட்கும்போதே தெரிந்துவிட்டது, சம்பூர்ணம், எங்கள் ஒயிலாட்டக் குழுவில் எனக்குப் பக்கத்தில் ஆடுகிறவள், எதிர்வீட்டுக்காரி, கோலம் போட்டால் தெருவை அடைத்துப் போடுகிறவள், பழைய கட்டடங்களையெல்லாம் ஒருநாள் திறந்துவிட்டு உள்ளே நம்ம ஏரியாக் கலைகளை வைப்போம் என்று விழாக்குழு சொன்னதும் எல்லாரையும்விட அதிகமாகத் துள்ளியவள், தீயணைப்பு நிலையத்துச் செங்கல் கோபுரத்தடியில் கானா, பழைய தபாலாபீஸ் வளைவுக்குள் சிலம்பம், எங்களுக்கு ஹால், அவள் முந்தின நாள் சாயங்காலமே ஹாலைப் பார்த்துக்கொள்ளும் ஆங்கிலோ-இந்தியக்காரி டோரின் ஆன்ட்டியிடம் சாவியை வாங்கிப்போய்த் தரை முழுக்க எண்ணெய் தேய்த்துவிட்டு வந்திருக்கிறாள், ஏண்டி என்றால், பொண்ணு பாக்க வர்றாங்கன்னா தலைக்கு எண்ணெ வெக்காம உடுவாங்களா, காஞ்சிபோய்க் கெடந்துச்சிடி பாவம் என்கிறாள், அழுகிறாள், அவள் அழுதால் எனக்குக் கோபம் இன்னும் ஏறுகிறது.

கோபம் வராதா, எத்தனை வருஷமாக ஆட இடமில்லாமல் அலைந்தோம், ஹவுசிங் போர்டு மொட்டைமாடியில் ஆடினால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார், தெருவில் ஆடினால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தே தாளத்தைக் கெடுப்பான், வெள்ளைக்காரன் காலத்து டான்ஸ் ஹாலான இது பூட்டியே கிடந்தது, ஹாலுக்குச் சொந்தக்கார இலாகாவின் இன்ஜினியர் அம்மாவைப் பார்க்கப் போனபோது அவர் சிரிக்காமல் சொன்னார், இது தேக்குத் தரை, விழா அன்னைக்கு வந்து பாக்கறேன், தரைக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஞாயித்துக்கிழமைகள்ல ஆடிப் பழகத் தர்றதைப் பத்தி யோசிக்கலாம், எனக்கு அந்த யோசிக்கலாம் போதும், சின்ன வயசில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் நிற்கிறேன், கிறிஸ்துமஸ் வாரம், உள்ளே டான்ஸ், ஹாலின் தரை உயரம், ஜன்னலில் தலைகள் மட்டும் தெரிகின்றன, பாட்டுச் சத்தத்தில் தலைகள் மிதந்து மிதந்து போகின்றன, கால் இல்லாதவர்கள் பேய்தானே என்று நான் வீறிட்டு அழ, அடி போடி இவளே, அவங்களுக்கும் காலு இருக்குது, நமக்குத்தான் உள்ள எடம் இல்ல என்று அம்மா இழுத்துக்கொண்டு போகிறாள், அந்த இடம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்து வழுக்குகிறது, எண்ணெ தேச்சிக்கிட்டு மண்ணுல பொரண்டாலும் ஒட்டறதுதான் ஒட்டும், வாங்கடி வீட்டுக்குப் போவலாம் என்று சலங்கையை அவிழ்க்க உட்கார்ந்துவிட்டேன்.

டோரின் ஆன்ட்டி வாசலில் நின்று, கவுனுக்கு மேல் கையைக் கட்டிக்கொண்டு, மை காட், தண்ணி மட்டும் ஊத்தாதே மேன், பலகை உப்பிப் போவும் என்கிறார், தண்ணீர் ஊற்றாமல் எண்ணெய் எப்படிப் போகும், எண்ணெய் தேய்த்த தலையை நான் எத்தனை தீபாவளிக்குப் பார்த்திருக்கிறேன், சட்டென்று வாயில் வந்துவிட்டது, ஏய் சம்பூர்ணம், எண்ணெ வெச்சவளே தலைக்கு ஊத்துடி, போ, சீயக்காத்தூள் எடுத்தா. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள், திரும்பி வந்தபோது தெருவே பின்னால் வந்தது, டப்பாவில், கிண்ணத்தில், முந்தானையில், அரப்பு, கடலைமாவு, பயத்தமாவு, வீட்டுக்கு வீடு இருந்த தூளெல்லாம், தரையில் தூவித் துணியால் தேய்க்கிறோம், எண்ணெயைக் குடித்துத் தூள் உருண்டை உருண்டையாக வருகிறது, கூட்டி அள்ளி, பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி தூவி, முட்டி தேய்கிறது, சீயக்காய் மூக்கில் ஏறி ஆளாளுக்குத் தும்மல், டோரின் ஆன்ட்டி தும்மிவிட்டு ஜீசஸ் என்கிறார், சம்பூர்ணம் தும்மிவிட்டு முருகா என்கிறாள், ஹால் முழுக்கத் தீபாவளி விடியற்காலை வாசனை, அந்த நேரம் பார்த்து வாசலில் இன்ஜினியர் அம்மா.

என்ன பண்றீங்க என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன், சம்பூர்ணம் முந்திக்கொண்டாள், நான்தாம்மா எண்ணெ தேச்சேன், இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க, என்னைய வேணா குழுவ விட்டு நீக்கிடச் சொல்லுங்க. அந்த அம்மா செருப்பைக் கழற்றினார், குனிந்து விரலால் தரையைத் தடவினார், முகர்ந்தார், ஒரு தும்மல், அப்புறம் இன்னொன்று, கைக்குட்டைக்குத் தேடினார், நான் என் ஒயிலாட்டக் கைக்குட்டையை நீட்டினேன்.

பறை அடிக்க ஆரம்பித்தபோது ஜனம் ஜன்னல் வரைக்கும் நெரிசல், முதல் அடி வைக்க எனக்குப் பயம், வைத்தேன், நின்றது, இரண்டாவது அடிக்குத் தரையே திரும்ப அடித்தது, பலகைக்கு அடியில் வெற்றிடம் இருக்கிறதாம், எனக்கென்ன தெரியும், எங்கள் காலெல்லாம் சேர்ந்து இன்னொரு பறையாகிவிட்டது, மொட்டைமாடியில் பயந்து பயந்து வைத்த கால்கள், அன்றைக்குத்தான் முழுசாக ஊன்றினோம், சம்பூர்ணம் அழுதுகொண்டே ஆடினாள், பக்கத்தில் நானும்தான், எனக்கு வெட்கமில்லை.

கூட்டம் கலைந்தபின் அந்த அம்மா சிவப்புக் கைக்குட்டையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார், இதுக்கு இப்படி ஒரு நெறம் இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா, சாம்பலாத்தான் பாத்திருக்கேன் என்றார், பிறகு, ஞாயித்துக்கிழமை எப்ப வருவீங்க என்று கேட்டார். நான் கொண்டையில் ஒட்டியிருந்த காரையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். சம்பூர்ணம் என் இடுப்பில் கிள்ளினாள், சொல்லேண்டி, சோறாக்கி வெச்சிட்டு மத்தியானமா வர்றோம்னு சொல்லு. விடியறப்பவே வந்துடறோம் மேடம், சோறு கெடக்குது, என்றேன்.