பதினாறு காலிக் கட்டங்கள்

ஹேமநாத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை வேலூரில் பாலுவின் வீட்டு மாடிக்குள் கால் வைத்த இரண்டாவது நிமிடமே காது இரண்டும் சிவந்துவிட்டன.

மாடியில் எட்டடி மேசை. அதன்மேல் மணல் நிறத் துணி விரித்து, கட்டைவிரல் அளவு டாங்கிகளும் லாரிகளும் பீரங்கிகளும் நிறுத்தியிருந்தார்கள். 1942இல் லிபியப் பாலைவனத்தில் நடந்த சண்டைகளைப் பகடை உருட்டி இங்கே மறுபடி நடத்துவார்கள். வேலூர் வட்டாரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாலு அவர்களுக்குத் தலைவர். ஆரணியிலிருந்து ஹேமநாத் ஒருவன்தான்.

ஹேமநாத்தின் தொழில் பட்டுப்புடவைக்கு டிசைன் வரைவது. கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகக் கறுப்பு அடித்து மயிலும் மாங்காயும் வரைந்து கொடுப்பான். மிச்ச நேரமெல்லாம் மூன்று வருடமாக ஒரே ஒரு பிரிகேடின் பின்னால் அலைந்தான். இந்தியச் சிப்பாய்களின் பிரிகேடு அது. எதிரி டாங்கிகள் ஒரே காலையில் அதை மிதித்துத் தள்ளிவிட்டுப் போயின. ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் அதற்கு ஒரே வரிதான்: 'லாரிகளில் வந்தவர்கள். துணிவு: குறைவு.' எழுதிய மகராசன் எந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதினானோ. அந்தக் 'குறைவு' ஹேமநாத்துக்குச் சோற்றில் கிடந்த கல்லாக உறுத்தியது.

லண்டன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டு அந்தப் படையின் நாட்குறிப்புக்கு நகல் வரவழைத்தான். யாருக்குக் கீழே யார், எந்தப் பிரிவுக்கு எத்தனை லாரி, எத்தனை பீரங்கி என்று எழுத்துக்கூட்டிப் படித்தான். கடைசியில் விஷயம் பிடிபட்டது. டாங்கியைத் துளைக்கும் பீரங்கி காகிதக் கணக்கில் முப்பத்திரண்டு. மணலில் வந்து இறங்கியது பதினாறு. மீதி இதோ வருகிறது, அதோ வருகிறது என்று மேலிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சண்டை வந்துவிட்டது.

இதை, பீரங்கிக்கு ஒரு கட்டம் என்று, ஒரு தாளில் வரைந்தான். ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு, 'குறைவு' இருக்கட்டுமா போகட்டுமா என்று முடிவு செய்யலாம் என்று பாலுவும் ஒப்புக்கொண்டார். பீரங்கி எத்தனை என்று ஹேமநாத் முன்கூட்டியே சொல்லவில்லை. "தாளைப் பாருங்க சார், அதுவே பேசும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான். தாளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பும் வேலையை மச்சான் ஜெகநாதனிடம் கொடுத்தான். அவனுடைய டிசைன்களைத் தறிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பதும் அதே ஜெகநாதன்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வரும் வழியில் கண்ணமங்கலத்தில் பஸ் பழுதாகி நின்றதில் ஒரு மணி நேரம் போய்விட்டது. வந்து பார்த்தால் ஆட்டம் பாதி முடிந்திருந்தது. மேசையில் முப்பத்திரண்டு பீரங்கி. எதிரி டாங்கிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன.

"வாங்க ஹேமநாத். உங்க ஆளுங்க பின்னிகினு இருக்காங்க" என்றார் பாலு. "நீங்க முன்னாடியே குடுத்து வெச்ச பொம்மை பீரங்கி பத்தல. என் பொட்டியில இருந்து பதினாறு எடுத்து வெச்சேன்."

"யார் சார் வெக்கச் சொன்னது?"

"உங்க தாள்தான்."

பாலு நீட்டிய அச்சுத்தாளில் நடுவே ஒரு சிவப்புக் கோடு. இடப்பக்கம் பதினாறு கறுப்புக் கட்டம். வலப்பக்கமும் அதே பதினாறு, கண்ணாடியில் தெரிவதுபோல.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பாலு. "முப்பத்திரண்டையும் கையில வெச்சிகினு நெஜத்துல ஒரே காலைல தோத்துகிறாங்கன்னா, ஆளுங்க சரியில்லன்னுதானே அர்த்தம்? 'குறைவு' கரெக்டுதான்னு தோணுது."

ஹேமநாத்துக்கு மேசையையே கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. போனை எடுத்தான்.

"மச்சான், என் தாள்ல இன்னா பண்ணி வெச்சிகிறீங்க?"

"இன்னா பண்ணேன்? பாதிய முழுசாக்கி அனுப்பினேன்" என்றான் ஜெகநாதன்.

"யார் முழுசாக்கச் சொன்னது உங்கள? மூணு வருச உழைப்பு மச்சான். மொத்தமும் பாழ்."

"நீங்கதான் மாப்ள சொன்னீங்க. நடுவுல சிவப்புக் கோடு போட்டு வலப்பக்கம் காலியா வுட்டுகிறீங்க. பன்னெண்டு வருசமா மயில அப்டிதானே பாதி வரைஞ்சி குடுக்கிறீங்க? மீதிப் பாதிய யார் திருப்பிப் போடறது, நான்தானே?"

கையிலிருந்த தாளை ஹேமநாத் மறுபடி பார்த்தான். இருபுறமும் ஒரே மாதிரி வரும் டிசைனுக்கு இடப்பாதி மட்டும் வரைந்து, நடுவில் சிவப்புக் கோடு இழுத்தால் போதும். மறுபாதியைக் கம்ப்யூட்டர் போட்டுக்கொள்ளும். ஆரணியில் டிசைன் தொட்ட எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வந்த பீரங்கிக்கும் வராத பீரங்கிக்கும் நடுவே ஹேமநாத் இழுத்த கோடும் அதே சிவப்பு. வலப்பக்கத்து வெறுமைதான் அவன் கண்டுபிடித்ததெல்லாம். அதை ஒரு வார்த்தை எழுதி வைக்க அவனுக்குத் தோன்றவில்லை. கையெல்லாம் தொழில், மண்டையில் மட்டும் களிமண். லண்டன் வரை எழுதிப்போட்டவனுக்கு மச்சானிடம் வாயைத் திறந்து சொல்லத் தெரியவில்லை. யார்மேலோ எறியக் கொண்டுவந்த கோபம் அவன் தலைமேலேயே விழுந்தது.

போனை வைத்துவிட்டு மேசைக்குப் போனான். பதினாறு பீரங்கிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி பாலுவின் பெட்டியில் போட்டான்.

"இவ்ளோதான் சார் வந்தது. மொதல்லேர்ந்து ஆடுங்க."

ஆடினார்கள். இரண்டாவது சுற்றிலேயே, துணிவு குறைவு என்பதால், பகடை சொன்னபடி பீரங்கிக்காரர்கள் ஓடினார்கள். ஒருவர் பொம்மைகளை மேசையிலிருந்து எடுக்கக் கை நீட்டினார்.

"கைய எடுங்க" என்றான் ஹேமநாத். "பகடைய வுடுங்க சார். நாட்குறிப்புல எழுதிகிறான். டாங்கி பீரங்கி மேலயே ஏறி நசுக்கிச்சி. சுட்டவங்க பொணம் அதும் பக்கத்துலயே கெடந்துது. ஓடிப்போனவன் பொணம் அங்க எப்பிடி சார் கெடக்கும்?"

பாலு விதிப்புத்தகத்தைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, 'குறைவு' என்ற சொல்லைப் பேனாவால் இரண்டு முறை அடித்தார்.

கொஞ்ச நேரத்தில் ஜெகநாதனே கூப்பிட்டான். "மாப்ள, திருத்தி அனுப்பட்டா?"

"வேணாம் மச்சான். தப்பு என்னுது. நானே எழுதிக்கிறேன்."

ஆளுக்கு ஒன்றாக அச்சடித்திருந்த ஒன்பது தாளையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். வலப்பக்கத்துக் கறுப்புக் கட்டம் ஒவ்வொன்றின் மேலும் குறுக்கே கோடு இழுத்து, அதன் பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதினான். அடுத்ததற்கும் 'வரவில்லை'. அழுத்திய அழுத்தில் மூன்றாவது தாள் கிழிந்தது.

"மேல ஒரே வரியா எழுதிட்டா போதாதா?" என்று கேட்டார் பாலு.

ஹேமநாத் நிமிரவில்லை.

"பதினாறும் தனித்தனியாத்தான் சார் வரல."