மாடிப்படி நாற்றம்

தெருவில் அவளை மூக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்கு பெரியது என்பதற்காக அல்ல. அவள் வீட்டு அடுப்பு பாதி அந்த மூக்கால்தான் எரிந்தது. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளை, அடுத்தவர் குடிவருவதற்குள் கழுவித் துடைத்து நாற்றம் போக்கிக் கொடுப்பது அவள் தொழில். கதவைத் திறந்ததும் வாசலிலேயே நின்று ஒரு மூச்சு இழுப்பாள். "ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி எலி செத்திருக்கு", "சிங்க் குழாய்ல சோறு அடைச்சிருக்கு" என்று சொன்னால் சொன்னதுதான். சோடா உப்பு, வினிகர், வெயில் மூன்றும் இருந்தால் எந்த வீட்டையும் மீட்டுவிடுவாள். "என்னை விட உன் மூக்கைத்தான் ஊர்ல அதிகம் பேருக்குத் தெரியுது" என்பார் பஸ் ஓட்டும் அவள் கணவர். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் குளிரும்.

அவர்கள் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டில் தையல்காரர். அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. முன்னறைக் கட்டிலிலேயே கிடந்தாள். கட்டிலுக்கு எதிரில் மிஷின், பக்கத்தில் இஸ்திரி மேஜை. அளவு கொடுக்க வருகிறவர்கள் அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். அவளுடைய உலகம் அவ்வளவுதான்.

மழை ஓய்ந்த சமயம், மாடிப்படியில் ஒரு நாற்றம் ஆரம்பித்தது. அழுகின முட்டைக்கோஸ் மாதிரி இருந்தது. கீழ்ப்படியில் அதிகம், மேலே ஏற ஏறக் குறைவு. வாடிக்கைக்காரர்கள் வாசலிலேயே நின்று துணியைக் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரம்மா வந்து மூக்கக்காவையே கேட்டாள்.

"நீதான் சொல்லணும். எங்கேருந்து வருது?"

மூக்கக்கா கீழ்வீட்டு வாசலில் நின்று மூச்சு இழுத்தாள். கட்டில் கண்ணில் பட்டது. எப்போதும் மூக்கு சொன்ன பிறகுதான் கண் தேடும். அன்று கண் சொன்னதற்கு மூக்கு தலையாட்டிவிட்டது.

"படுக்கைதாம்மா. நாள்பட்ட படுக்கை. மெத்தைக்குள்ள இறங்கியிருக்கும்."

கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து, குரலைக்கூட இவள் தணிக்கவில்லை.

"இந்த மாசம் பாருங்க. சரியாகலேன்னா வேற இடம் பாத்துக்குங்க" என்று வீட்டுக்காரம்மா தையல்காரரிடம் சொல்லிவிட்டாள். அவர் மெத்தையை மாற்றினார். விரிப்பைக் காலையிலும் மாலையிலும் துவைத்தார். மூக்கக்கா ஒரு பொட்டலம் சோடா உப்பு கொண்டுபோய்க் கொடுத்தாள். "சும்மா வச்சுக்குங்கண்ணே. தூவி வச்சு, காலைல உதறுங்க." அதை ஒரு புண்ணியக் கணக்கில் எழுதிக்கொண்டு அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு தங்கை வீடு மாறுகிறாள் என்று ஊருக்குப் போனாள். போகும் முன், படி உச்சியில் வைத்திருந்த பெரிய புரொப்பேன் கேஸ் சிலிண்டரை இறுக்கி மூடினாள். தொழிலுக்கு வேண்டிய துடைக்கும் துணிகளை ஃபினாயில் போட்டுக் கொதிக்க வைப்பதற்கான சிலிண்டர் அது. மற்ற நாட்களில் அடுப்புத் திருகை அணைப்பதோடு சரி, சிலிண்டரை மூடும் வழக்கம் அவளுக்கு இல்லை.

ஊரிலிருந்து திரும்பி வந்தபோது தையல்காரர் முகம் மலர்ந்திருந்தது.

"தங்கச்சி, நாத்தம் போயிடுச்சு. நீ போன மறுநாள்லேருந்து இல்ல."

"எப்படிண்ணே?"

"எல்லாம் இவ வேலைதான். தண்ணி குடிக்கிறத நிறுத்திட்டா. மாத்திரை முழுங்க அரை டம்ளர், அவ்வளவுதான். குடிச்சாத்தானே படுக்கை நனையும்னு சொல்றா. சண்டை போட்டுப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கறா."

கட்டிலில் இருந்தவளின் உதடு வெடித்திருந்தது. கோணிய வாயால், பரீட்சை முடிவு கேட்கும் பிள்ளை மாதிரி கேட்டாள்: "இப்ப நல்லாருக்காக்கா?"

மூக்கக்கா மூச்சு இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "நல்லாருக்கும்மா" என்றாள்.

மேலே போய் சிலிண்டரைத் திறந்து, துணிகளைக் கொதிக்க வைத்து இறக்கிவிட்டு, அடுப்பை அணைத்துக் கடைக்குப் போனாள். திரும்பி வந்து கீழ்ப்படியில் கால் வைத்ததும் அதே நாற்றம். உள்ளேயிருந்து அந்தக் கோணிய குரல் அழுதது. "இன்னிக்கு அரை டம்ளர்கூடக் குடிக்கலையே."

மூக்கக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியூர்க் காற்று அவள் மூக்கைக் கழுவி அனுப்பியிருந்தது. இது படுக்கை நாற்றம் இல்லை. வாசனையே இல்லாத கேஸில், கசிந்தால் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலந்து அனுப்புகிற நாற்றம். நான் போனேன், போனது. நான் வந்தேன், வந்தது.

அப்போதுதான் கீழ்வீட்டு இஸ்திரிப் பெட்டி நினைவுக்கு வந்தது. ஒரு பொறி போதும்.

"அண்ணே, இஸ்திரி, சுவிட்ச் எதையும் தொடாதீங்க. கதவு ஜன்னல் எல்லாத்தையும் திறந்து விடுங்க. அவளத் தூக்கிட்டு வெளிய வந்துடுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மனைவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், "மன்னிச்சுக்க தங்கச்சி, மறுபடியும் வந்துடுச்சு" என்றார்.

அவரா தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்? அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேலே ஓடி சிலிண்டரை மூடினாள். காற்று நன்றாக ஓடிய பிறகு சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ட்யூபின் மூட்டில் சோப்பு நுரையைத் தடவி, கணநேரம் திறந்து பார்த்தாள். நுரை மீன் வாய் மாதிரி கொப்பளித்துக் கொப்பளித்து வெடித்தது. இந்த கேஸ் காற்றை விடக் கனமானது, மேலே ஏறாது. பூனை மாதிரி படிப்படியாக இறங்கி, கதவிடுக்கு வழியாக நுழைந்து, எழுந்திருக்க முடியாத ஒருத்தியின் கட்டிலடியில் போய்ப் படுத்திருக்கிறது. சிலிண்டர் பக்கத்திலேயே நின்ற இவளுக்கு ஃபினாயில் ஆவியில் மூக்கு மரத்துப் போயிருந்தது.

வேலை முடிந்து வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"ட்யூப மாத்திட்டா நாத்தம் போயிடும். போனதும் அவங்களும் காலி பண்ண வேண்டியதில்ல. இத ஊர் பூரா சொல்லணுமா? நாளைக்கு உன்னை எவன் வேலைக்குக் கூப்பிடுவான், சொல்லு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளை வதைத்தது. விளக்கேற்றிவிட்டு சாமி முன்னால் நின்றாள். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. நாற்றம் போய்விடும், சரி. அது தன் தாகத்தால் போனது என்று கீழே ஒருத்தி நம்பிக்கொண்டிருப்பாள். உயிர் இருக்கிறவரைக்கும் நாக்கு வறளக் கிடப்பாள். கடவுளிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். கீழே இறங்குவதுதான் கஷ்டம்.

வீட்டுக்காரம்மாவையும் வரச்சொல்லிவிட்டு, வெடித்த ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். கட்டிலின் அருகே நின்று, அன்று பேசிய அதே குரலில் சொன்னாள். இந்த முறை குரலைத் தணிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"நாத்தம் உன்னோடது இல்லம்மா. என்னோடது. என் சிலிண்டர் கசிஞ்சு படி வழியா இங்க இறங்கியிருக்கு. நான் சரியாப் பாக்காம உன் மேல பழி போட்டுட்டேன்."

"உன் மூக்க நம்பித்தானே நான் அவங்கள காலி பண்ணச் சொன்னேன்" என்றாள் வீட்டுக்காரம்மா. "என்னையும் பாவத்துல கூட்டு சேத்துட்டியே."

தையல்காரர் ட்யூபை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று எதிர்பார்க்கவும் மூக்கக்காவுக்கு உரிமை இல்லை.

கட்டிலில் இருந்தவள்தான் மெல்லக் கேட்டாள். "அப்ப என் மேலேருந்து ஒண்ணும் வரலையாக்கா?"

மூக்கக்கா குனிந்து அவள் தோளருகே மூச்சு இழுத்தாள். நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு.

"வருது. வெயில்ல காஞ்ச துணி வாசம் வருது."

தையல்காரர் உள்ளே போய்ச் செம்பையும் டம்ளரையும் கொண்டுவந்து மூக்கக்காவிடம் நீட்டினார். "நீங்களே குடுங்க" என்றார். தங்கச்சி என்ற வார்த்தை அன்று அவர் வாயில் வரவில்லை. "நான் குடுத்தா நம்ப மாட்டா."

மூக்கக்கா அவள் தலையைத் தாங்கி டம்ளரைச் சாய்த்தாள். பாதி குடித்ததும் பழக்கதோஷத்தில் உதட்டை மூடிக்கொண்டாள் அந்தப் பெண்.

"இன்னும் இருக்கும்மா. குடி."

மிச்சத்தையும் குடித்தாள். கடைவாயில் வழிந்த தண்ணீர் விரிப்பில் சொட்டியது. அவள் திடுக்கிட்டு, நல்ல கையால் அந்த ஈரத்தை மறைத்தாள்.

மூக்கக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நனையட்டும்மா. துவைக்கத்தான் நான் இருக்கேனே."