கரடிக்குக் கொடுத்த குரல்

குமரகுரு முதலாளியிடம் நான் வாங்கிய முன்பணத்தில் நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய் பாக்கி நின்றது. எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவனுக்கு இது புதிதல்ல. பாக்கி தீராமல் வேறு பட்டறைக்குப் போக முடியாது. அந்த முதலாளி அதைக் கட்டி நம்மை எடுத்துக்கொண்டால்தான் உண்டு. இடுப்பு போன என்னை யார் எடுப்பார்கள்? பத்தாவது முடிந்ததும் மகள் இனியாவைப் பட்டறைக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற அனுப்பச் சொல்லிவிட்டார் முதலாளி. அவளோ மேலே படிக்கிறேன் என்று நின்றாள்.

அப்போதுதான் கரடி வந்தது. டிவியில் டும்மாக் கரடி என்றொரு பொம்மைப்படம். பிள்ளைகள் சோற்றை மறந்து பார்க்கும். முதலாளியின் மைத்துனர் நடத்தும் கல்லூரியில் ஒரு சின்ன ரேடியோ நிலையம் உண்டு. அதில் முதலாளி செலவில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் நிகழ்ச்சி. கரடியை அதில் கொண்டுவரச் சொன்னார்கள். எழுத வந்தவர் செவ்வாய்ப்பேட்டை தீபிகா டீச்சர். அவருக்கு ஒரே சிக்கல்: டிவிக் கரடி பேசாது. விழும், எழும், முழிக்கும். ரேடியோவில் முழித்தால் யாருக்குத் தெரியும்?

டீ நேரத்தில் நான் கரடிபோல உறுமி ஆட்களைச் சிரிக்கவைப்பேன். அதைக் கேட்ட முதலாளி என்னைக் காரில் ஏற்றி ரேடியோ நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

நாற்பது வயதில் எழுத்துக் கற்றவன் நான். விரல் வைத்துத்தான் படிப்பேன். டீச்சர் எழுதித் தந்த "ஐயகோ, வழுக்கி விழுந்தேனே" என்பதைப் படித்ததும் அவரே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க விழுந்தா என்னண்ணா செய்வீங்க?"

"பெருமாயி பாத்துட்டாளான்னு பாப்பனுங்க."

பெருமாயி என் சம்சாரம். டீச்சர் சிரித்துச் சிரித்து எழுதிக்கொண்டார். டிவியில் வந்த பனி ஏரி எங்கள் ஊர் வறண்ட ஏரியானது. மீன் திருடிய கரடி மரவள்ளிக்கிழங்கு திருடியது. விழுந்ததும், "ஆராச்சும் பாத்தீங்களா சாமி?" என்று கேட்டது. ஊர் ஊராகப் பிள்ளைகள் "பாக்கல" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினார்கள்.

பேர் பரவியதும் முதலாளி ஒரு பத்திரத்தோடு நிலையத்துக்கு வந்தார். என் குரலைக் கம்ப்யூட்டர் படித்துக்கொள்ளும். இனிக் கரடி நானில்லாமலே பேசும். அந்தக் குரலில் நான் வேறெங்கும் பேசக்கூடாது. டீச்சர் தரையைப் பார்த்தபடி, வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள் என்றார்.

"தொண்டையவா அறுத்துக் கேக்கறேன் வீரா? முன்பணம் பூராக் கழிஞ்சுது. புள்ள படிக்கட்டும்," என்றார் முதலாளி.

கைநாட்டாக இருந்திருந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். நான் விரல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு கரடி, முதலாளி பட்டறைத் துண்டை எல்லோரும் வாங்கச் சொன்னது. "எப்பங்க போய்ப் பேசினீங்க?" என்றாள் பெருமாயி. இனியா எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினாள்.

அவளைப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டுத் தறிக்குப் போனேன். என் ரெண்டு தறியிலும் வேறொருவன் நின்றான். பாக்கி இருந்தவரைதான் முதலாளி என் இடுப்பைப் பொறுத்திருக்கிறார்.

"கணக்குத் தீந்துச்சு வீரா," என்று என் பேரைக் கோடு போட்டு அடித்தார் முதலாளி. "இனி நீ எங்க வேணாப் போலாம்."