சாமிக்குப் பறித்த பூ

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று காலை இரண்டு காதும் எரிந்தன. குசினி மேசையில் அரிசி கழுவும் வடிதட்டு இருந்தது. அதற்குள் என் தோட்டத்துப் பூக்கள் எல்லாம், ஒன்று விடாமல், கழுத்தோடு கிள்ளப்பட்டுக் கிடந்தன. காம்பு என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை.

"இஞ்சேரப்பா, இதென்ன வேலை?"

என் கணவர் கிருஷ்ணராசா ஈரத்தலையும் திருநீறுமாக, பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு நின்றார். "வெளியில சரியான குளிர். நீர் ஏன் நடுங்குவான் எண்டு நானே குளிச்சிட்டுப் போட்டிக்குப் பறிச்சுக்கொண்டு வந்தன்."

குளித்துவிட்டுப் பறித்தாராம்! கல்யாணம் கட்டிய நாளிலிருந்து தினமும் சாமி அறைக்குப் பூப் பறிக்கிற மனுசன். அவர் கைக்குக் காம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாது.

"சாடியில வைக்கிற பூவுக்குக் காம்பு வேணுமெல்லே?"

"நீர் சொல்லேல்லையே."

சொல்லவில்லைதான். சூரியன் கிழக்கே உதிக்கும் என்றும் நான் அவரிடம் சொன்னதில்லை.

நாங்கள் குடியேறிய ஆங்கில ஊரான மோர்டனில் எங்கள் தோட்டக் கழகம் ஒவ்வொரு பெப்ரவரிக் கடைசியிலும் ஒரு போட்டி வைக்கும். அந்தக் குளிரில் சொந்தத் தோட்டத்தில் என்ன பூத்ததோ அதை மட்டும் வைத்து அலங்கரிக்க வேண்டும். கடைப்பூ கூடாது. வருடா வருடம் வெல்கிறவள் பெர்னடெற். பாரிசில் இருந்துவிட்டு எங்கள் தெருவுக்குக் குடிவந்தவள். போன கூட்டத்தில் நான் முதல்முறையாகப் பெயர் கொடுத்தபோது எழும்பி நின்று சொன்னாள்: "தவமலர் அக்கா, உங்கட வீட்டுப் பூ சாமிக்குத்தான் சரி. சாடிக்குச் சரிவராது." தமிழில் சொன்னது போதாதென்று வெள்ளைக்காரருக்கும் விளங்க ஆங்கிலத்திலும் சொன்னாள். மண்டபமே சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். இவளை வெல்லாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

இப்போது அவள் வாய் பலித்துவிட்டது. தோட்டத்தில் ஒரு மொட்டுக்கூட மிச்சமில்லை. போட்டியோ இன்றைக்கு, பத்து மணிக்குள் மண்டபத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். கதிரையில் இருந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

"ஒரு இதழ்கூடக் கசங்கேல்லை, பாருமன்," என்றார் அவர், மெல்லிய குரலில்.

அடிக்கிற கோபத்தோடுதான் பார்த்தேன். பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. ஹெலெபோர் என்றொரு பூ இருக்கிறது. செடியில் எப்போதும் தலை குனிந்தே நிற்கும், சாடியில் வைத்தாலும் தொங்கும். அதன் முகத்தைப் பார்க்க நான் சேற்றில் முழங்காலில் நின்றிருக்கிறேன். வடிதட்டில் அவை மல்லாந்து கிடந்தன. ஊதா இதழ், உள்ளே கருஞ்சிவப்புப் புள்ளிகள், நடுவில் மஞ்சள் மகரந்தம். எல்லாம் தெரிந்தது.

"அந்த அகலப் பித்தளைச் சட்டியைப் புளி போட்டு மினுக்குங்கோ. ஊசியும் நூலும் எடுத்துத் தாங்கோ."

"என்னத்துக்கு?"

"கேள்வி கேக்காதேங்கோ. காலமை செய்தது காணும்."

ஸ்நோட்ரொப் என்ற சின்ன வெள்ளைப் பூக்களை முல்லை மொட்டுக் கோர்ப்பதுபோல நெருக்கமாகக் கோர்த்தேன். அவர் மினுக்கித் தந்த சட்டியின் விளிம்பில் அந்த வெள்ளை மாலையைச் சுற்றினேன். மண்டபத்துக்குப் போனதும் சட்டியில் தண்ணீர் நிரப்பி, ஹெலெபோர்களை முகம் மேலே பார்க்க மிதக்கவிட்டேன். நடுவில் ரோசாப்பூப் போல அடுக்கிதழ் கொண்ட ஒரேயொரு சிவப்புக் கமேலியா.

பெர்னடெற் உயரமான கண்ணாடிச் சாடியில் நீளக்காம்பு டபடில் பூக்களும் மஞ்சள் பூக்கிளைகளும் வைத்திருந்தாள். உள்ளதைச் சொன்னால் வடிவாகத்தான் இருந்தது. என் சட்டியை எட்டிப் பார்த்து, "ஐயோ அக்கா, காம்பு எங்க?" என்றாள். நான் கமேலியாவை விரலால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

நடுவராக வந்த கிழவி மேசை மேசையாக நடந்து என்னிடம் வந்து நின்றார். போய்விட்டுத் திரும்பவும் வந்தார். மாலையை விரலால் தொட்டுப் பார்த்தார். "இந்தப் பூவைத் தோட்டத்தில் எப்போதும் குனிந்துதான் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் அது என்னை நிமிர்ந்து பார்க்கிறது," என்றார். பிறகு முதற்பரிசு அட்டையை என் சட்டியோடு சாய்த்து வைத்தார்.

நான் கத்தியே விட்டேன்! வாசலில் நின்ற மனுசன் கை தட்டினார், மண்டபமும் சேர்ந்து தட்டியது. காது இரண்டும் மறுபடி சூடாகின, இந்தமுறை சந்தோசத்தில்.

பெர்னடெற் வந்து கையைப் பிடித்தாள். முகம் கொஞ்சம் சிறுத்துத்தான் இருந்தது. "ஒரு பூவும் நசியேல்லை, அக்கா. ஆர் பறிச்சது?"

"இவர்தான்," என்று பக்கத்தில் வந்து நின்ற மனுசனைக் காட்டினேன்.

"அடுத்த வருசம் எனக்கும் வந்து பறிச்சுத் தருவாரோ?"

அவர் 'ஓம்' சொல்ல வாயெடுப்பதைக் கண்டேன். விடுவேனா?

"ஏலாது பிள்ளை," என்றேன், மண்டபம் முழுக்கக் கேட்க. "அவர் சாமிக்கும் எனக்கும் மட்டுந்தான் பறிப்பார்."