மண்ணில் நட்ட பெயர்ப்பலகை

திருப்பூரில் வேலை தேடுகிறவன் செய்தித்தாளைப் பார்ப்பதில்லை, மரத்தைப் பார்க்கிறான். பல்லடம் சாலைப் பேருந்து நிறுத்தத்துத் தூங்குமூஞ்சி மரம், உடம்பெல்லாம் ஆணி தாங்கி ஊருக்கே வேலை சொல்லிக்கொண்டிருந்தது. டெய்லர் தேவை, செக்கிங்கிற்குப் பெண்கள் தேவை, ஓவர்லாக் ஆட்கள் உடனே தேவை. மரத்துக்கு என்ன தேவை என்று கேட்க ஒருவரும் இல்லை. கடைசியில் மாநகராட்சி கேட்டது. நிற்கும் மரங்களின் ஆணிகளைப் பிடுங்குவது, வேரை நெரிக்கும் சிமென்டை உடைப்பது, சாலையோரமெங்கும் புதுக் கன்றுகள் நடுவது என்று திட்டம் வகுத்தது.

அன்று காலை, மாநகராட்சி மேற்பார்வையாளர் இந்துமதியும் குறடு பிடித்த தொழிலாளி திருமூர்த்தியும் அந்த மரத்தடிக்கு வந்தார்கள்.

"ஏனுங்க மேடம், எலையவிடப் பலகை அதிகமா மொளச்சிருக்குதுங்க" என்றார் திருமூர்த்தி.

"பேசாமப் புடுங்குங்கண்ணா."

பலகைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மார்பளவு உயரத்திலிருந்த ஓர் அட்டையில் குறடு பட்டபோது, பேருந்துக்கு நின்றிருந்த பெண்ணொருத்தி ஓடி வந்து அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். மூக்கம்மாள், கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் நூல்பிசிறு வெட்டுகிறவள்.

"இத மட்டும் விட்டுருங்கய்யா."

ஏற்றுமதிப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டை; மழைக்குப் பாலித்தீன் உறை. உள்ளே மார்க்கர் எழுத்து: 'முனீஸ், அந்தப் பிள்ளையையும் கூட்டிட்டு வா. கதவு திறந்துதான் கெடக்கு. அம்மா.'

"நீங்களும் ஆள் தேவைன்னுதான் போட்டிருக்கறீங்களாட்ட" என்று சிரித்த திருமூர்த்தி, அவள் முகத்தைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார்.

"எம் மவன் நம்பர மாத்திட்டான் தாயி. எந்தக் கம்பெனியிலயும் நாலு மாசம் தங்க மாட்டான். வேலைய விட்டா மரத்தத்தான் பாப்பான். அப்ப இது கண்ணுல படும்லா?"

"எதுக்குங்க ஊட்டை விட்டுப் போனாரு?" என்று கேட்டாள் இந்துமதி.

மூக்கம்மாள் தலை கவிழ்ந்தபடியே சொன்னாள். வேறு சாதிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து, மாலையோடு வாசலில் வந்து நின்றவனை, 'நாலு பேர் முகத்துல எப்படி முழிப்பேன்' என்று கதவைச் சாத்தி அனுப்பியவள் அவளே. அந்த நாலு பேரில் ஒருவர்கூடப் பிறகு அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. பெற்ற பிள்ளையைவிடப் பெரிதென்று நாம் தலையில் சுமக்கும் சாதி, காய்ச்சலில் கிடக்கும் நாளில் ஒரு டம்ளர் சுடுநீர் வைத்துத் தராது.

இந்துமதியின் குரல் தணிந்தது. "ஒண்ண உட்டா நாளைக்கு நூறு பேரு வந்து அடிப்பாங்கக்கா. இங்க பாருங்க."

ஆணியைச் சுற்றிப் பட்டை கறுத்து நீர் கசிந்திருந்தது. மூக்கம்மாள் அதை விரலால் தொட்டாள். திருமூர்த்தியிடம் குறடு வாங்கி, தான் அடித்த ஆணியைத் தானே பிடுங்கினாள். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "இனி அவன் எதப் பாத்து வருவான்?" என்றாள்.

வண்டியில் இருந்த கன்றுகளைப் பார்த்தாள் இந்துமதி. "இந்த மரத்துக்குப் பக்கத்துலயே ஒரு புங்கங்கன்னு வெக்கறோங்க. பாத்துக்கறவங்க பேரை எழுதிப் பலகை நடுவோம். மரத்துல இல்லீங்க, மண்ணுல. நீங்க பாத்துக்கறீங்களா?"

"எம் பேரு மட்டுந்தான் போடணுமா?"

"எத்தன பேரு வேணும்னாலும் போடலாங்க."

"முனீஸ்னு எழுதுங்க." தயங்கினாள். அடுத்த பெயரை அவள் வாய் இதுவரை உச்சரித்ததே இல்லை. "அதுக்கு முன்னால வேல்விழின்னு எழுதுங்க. எம் மருமவ."

அதன்பின் வேலைக்குப் போகுமுன் அவள் தண்ணீர் ஊற்றாத நாளில்லை. கன்று துளிர் விட்டது. பலகையைப் படித்துக்கொண்டே பேருந்துகள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு வந்தவள், மண் ஏற்கெனவே நனைந்திருக்கக் கண்டாள். காலியான தண்ணீர்ப் பாட்டிலோடு கன்றருகே நின்றாள் வேல்விழி. சாலைக்கு அப்பால், வண்டியை விட்டு இறங்கத் துணியாமல் முனீஸ்.

"பஸ்ல போறப்போ எம் பேரைப் பாத்தேன்... அத்தை."

மூக்கம்மாளின் இடுப்பிலிருந்த குடம் ஆடிச் சேலையை நனைத்தது. "இம்புட்டு ஊத்தாத தாயி, வேரு அழுகிப்போவும்" என்றாள். பிறகு சாலையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்:

"ஏலே! வெயில்ல என்னலே நிக்க? நிழலுக்கு வா."