எருக்குவியலில் உபைதுல்லா

சஃபியா இத்தா இருந்த மாதங்களில், சவூதியின் தம்மாமில் அடக்கமாகிவிட்ட அவள் கணவன் உபைதுல்லா, குத்தாலத்து வீட்டுக் கொல்லையில் எருக்குவியலுக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அந்த வருடம் வாழைத்தார் விலை சுமார். காவிரியில் தண்ணீர் தாமதமாக வந்தது.

சாவுச் செய்திக்கு முன்பே வயல் சாயத் தொடங்கியிருந்தது. காற்றே இல்லாத மதியங்களில் குலை தள்ளிய வாழைகள் வேரோடு பெயர்ந்து விழுந்தன. பக்கத்து வயல்காரர் ரெத்தினம் ஒரு வேரைப் பிளந்து கொடுத்தனுப்பினார். உள்ளே கருஞ்சிவப்பாக அழுகியிருந்தது. கணவனை இழந்தவள் இத்தா முடியும்வரை வாசல் தாண்டுவதில்லை, வெளி ஆண்கள் முன் வருவதில்லை. அதனால் வேளாண் அலுவலகத்திலிருந்து மேகலா வீட்டுக்கே வந்தாள். "நூற்புழுங்க. கண்ணுக்குத் தெரியாம வேரைத் தின்னுடும். இந்தப் பாக்கெட்டுல இருக்கிறது நல்ல பூஞ்சாணம், புழு முட்டையையே தின்னுடும். தொழுவுரத்துல கலந்து, நிழல்ல ஈரச்சாக்கு போட்டு மூடி வைங்க. கன்னு நடும்போது குழிக்குக் குழி போட்டுடணும்" என்றாள். வீட்டில் சாக்கு இல்லை. சவூதியிலிருந்து திரும்பி வந்த அவன் பெட்டியில் துவைக்காத கைலி ஒன்று இருந்தது. சஃபியா அதை நனைத்துப் போர்த்தினாள்.

சில நாளில் எரு முழுக்க வெள்ளை நூல் ஓடியது. பிறகு கைலி ஏறி இறங்கியது. ஒருக்களித்துப் படுத்த தோளும் இடுப்பும் தெரிந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் இல்லை. வயலைப் பற்றிப் பேசினால் குவியல் சூடேறியது. முதலில் பயந்தாள். பிறகு கீரை ஆய அங்கே போய் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு காலம் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததில்லை. நாத்தனார் ரிஃப்கா வந்து பார்த்தாள். "அண்ணன் இங்கதான் படுத்திருக்குன்னா நீங்க எதுக்கு மச்சி இத்தா இருக்கீங்க?" "சும்மா இரு. லீவுல வந்தப்பவும் உங்க அண்ணன் இப்படித்தான், பேசாம படுத்துக் கிடப்பாங்க." ரிஃப்கா சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி நின்றது.

நடவு வந்தது. ரெத்தினம் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். "கன்னு சீவி வச்சாச்சும்மா. எருவை எடுக்கட்டுமா?" உள்ளிருந்து, "நாளைக்கு அண்ணே." மறுநாளும் நாளைக்கு. சீவிய கன்றுக் கிழங்குகள் கறுத்தன. வயலில் மரங்கள் விழும் சத்தம் வீடுவரை கேட்டது. மேகலா போனில் சொன்னாள்: "இன்னுமா வச்சிருக்கீங்க? காஞ்சா செத்துடுங்க அது." சஃபியா கைலிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஓரம் சாம்பல் நிறமாகிக் குளிர்ந்திருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. வயலும் போய், அவனும் போய்விடுவான்.

இத்தா முடிந்த காலையில் அவளே கூடைகளை நிரப்பினாள். வயலுக்குப் போய், புதிதாகச் சீவிய கன்றுகளின் குழிகளில் அள்ளி அள்ளிப் போட்டாள். எது தோள், எது முகம் என்று பார்க்கவில்லை.

அந்தப் பயிர் சாயவில்லை. ஐப்பசிக் காற்றில் சுற்று வயல்கள் படுத்தன. சஃபியாவின் வாழைகள், அடியில் யாரோ பிடித்துக்கொண்டதுபோல் நின்றன. வெறுங்காலோடு இறங்கினால் மண் வெதுவெதுவென்று இருந்தது. ரெத்தினம் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனைக்காதம்மா. ரெண்டு கூடை மண்ணு எடுத்துக்கட்டுமா?" அவள் குனிந்து வாழையடி மண்ணில் கை வைத்துப் பார்த்தாள். "எடுத்துக்கங்க அண்ணே. மேலேர்ந்து கொட்டாதீங்க. மெதுவா இறக்குங்க." அடுத்த வருடம் அவர் வயலிலிருந்து இன்னொருவர் எடுத்தார்.

இப்போது உபைதுல்லா வாய்க்கால் நெடுக இருக்கிறான். தார் வெட்டுகிறவர்கள் இறங்குமுன் தொண்டையைக் கனைக்கிறார்கள். முறைப்படி எந்த வயலுக்கு அன்று தண்ணீர் பாய்கிறதோ, அந்த வரப்பில்தான் சஃபியா மதியச் சோற்றுக்கு உட்காருகிறாள். வயல்காரர் ஓர் இலை அறுத்துப் போட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறார்.